கிளட்ச் பிரியாத வண்டி

நம் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். வண்டியைப் பிரித்து மாட்டவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன். இலக்கியப் பத்திரிகையில் மெக்கானிக் வேலைக்கு என்ன இடம் என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி பத்து மணிக்குமேல் தண்டராம்பட்டுப் பக்கமிருந்தோ செங்கம் பக்கமிருந்தோ "அடிச்சிட்டாங்கண்ணா, வா" என்று போன் வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. வண்டிதான் நமக்குக் கால்.

எங்கள் அப்பா சைக்கிள் வைத்திருந்தார். ஊர்த் தெரு முனை வந்ததும் இறங்கி, வேட்டியை அவிழ்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு நடப்பார். தெரு முடிந்ததும் ஏறுவார். யாரும் பலகை எழுதி வைக்கவில்லை, சட்டமும் போடவில்லை. ஆனாலும் அவர் காலுக்கு அந்த இடம் தெரியும். நான் எம்.ஏ. தமிழ் படித்து, செகண்ட் ஹேண்டில் ஒரு நூறு சிசி பைக் வாங்கி, அதே தெருவில் இறங்காமல் போகிறேன். இதைச் சாதனையென்று சொல்லவில்லை, சாதாரணமாக நடக்க வேண்டியது நடக்கிறது, அவ்வளவுதான்.

மஞ்சள் காமாலையில் நான் படுத்திருந்த மூணு மாசமும் வண்டி மழையில் கூரையோரமாகவே நின்றது. எழுந்து எடுத்தபோது ஓடியது, ஆனால் கிளட்ச் சரியில்லை. செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு கிராமத்துக்குப் போகும்போது, ஊர்த் தெரு டீக்கடை எதிரே மாடு குறுக்கே வந்தது. கிளட்சை முழுக்கப் பிடித்து பிரேக் போட்டேன். வண்டி நிற்காமல் ஒரு முழம் முன்னால் இழுத்து, ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆனது. திரும்ப உதைத்து ஸ்டார்ட் பண்ணி கியரைத் தட்டினால் மறுபடியும் பாய்ந்து நின்றுவிட்டது. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இன்னாடா, வண்டிய எங்க மேல ஏத்தப் பாக்குறியா?" வேறு வழியில்லை. முன்னும் பின்னும் ஆட்டி நியூட்ரலைத் தேடிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து சிரிப்பு. "ம்... இப்பத்தான் அவங்கப்பன் புள்ள."

அவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு ஐம்பது தப்படி தூரம் முப்பது வருஷமாக நீண்டது.

எங்கள் காலனியில் டவுன் பட்டறையில் வேலை பழகிய ஒரு தம்பி இருக்கிறான். அவன்தான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். "அண்ணா, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிறதுதான் கிளட்ச். உள்ள ஒரு கூடை. அதுல ஒரு இரும்புத் தட்டு, ஒரு கார்க் தட்டுன்னு மாத்தி மாத்தி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங்கு எல்லாத்தயும் சேத்து அழுத்திப் புடிச்சிருக்கும். நீ லிவரப் புடிச்சா அந்த அழுத்தம் போயி தட்டுங்க பிரியணும். உன்னுது பிரியல."

எஞ்சின் உறுமி வண்டி ஓடாமல் போவது கிளட்ச் ஸ்லிப். இது அதற்கு நேர்மாறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கேபிளைத் தப்பான பக்கம் திருகக்கூடாது என்றான்.

முதலில் எஞ்சினை ஆஃப் பண்ணி, கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். வண்டி லேசாக உருள வேண்டும். சக்கரம் அடம் பிடித்தால் தட்டுகள் பிரியவில்லை என்று அர்த்தம். அடுத்தது கேபிள். லிவர் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆடலாம். அதற்குமேல் ஆடினால், லிவரை எவ்வளவு இழுத்தாலும் உள்ளே போதுமான இழுப்பு போய்ச் சேராது. கீழே எஞ்சின் பக்கமுள்ள அட்ஜஸ்டர் நட்டைத் திருகி ஆட்டத்தைக் குறைக்க வேண்டும். கேபிள் இழைகள் பிரிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். ஓட்டிப்போட்டு நடுவழியில் அறுந்தால் இன்னும் கஷ்டம்.

கேபிள் சரியாக இருந்தும் பிரியவில்லை என்றால், நாள்பட நின்றதில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினைச் சூடாக்கி ஆஃப் பண்ணி, மேல் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் உலுக்கினால் பெரும்பாலும் விட்டுவிடும். ஆயில் பழசாகித் தடித்திருந்தால் மாற்ற வேண்டும். இந்த வண்டிகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் மூடியைக் கழற்ற வேண்டியதுதான். இரும்புத் தட்டைக் கண்ணாடி மேல் வைத்தால் வளைந்திருப்பது தெரிந்துவிடும். கூடையின் பற்களில் தட்டு மோதி மோதிப் பள்ளம் விழுந்திருந்தால் தட்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் பௌர்ணமிக் கூட்டத்தில் பாதிக் கிளட்சைப் பிடித்துக்கொண்டே ஊர்கிற வண்டிகளுக்குத் தட்டு சூடேறி வளைவது சகஜமாம்.

என் வண்டிக்கு இரண்டு கோளாறு. கேபிள் தளர்ந்திருந்தது, தட்டுகளும் ஒட்டியிருந்தன. அரை மணி நேர வேலை. செலவு ஆயிலுக்கு மட்டும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்பேத்கரின் ஞாபகம் வந்தது. 1901இல் சிறுவனாக அப்பாவைப் பார்க்கப் போன வழியில், மசூர் ஸ்டேஷனில் மாட்டுவண்டிக்காரர்கள் யாரும் அவரையும் உடன்வந்த பிள்ளைகளையும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டி ஓட்டுவது என்று பேசி முடித்தார்கள். 1929இல், தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்கும் பம்பாய் அரசாங்கக் கமிட்டியின் உறுப்பினராக அவர் சாலிஸ்கானில் இறங்கியபோது குதிரைவண்டிக்காரர்கள் ஓட்ட மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். வழியில் விபத்து. தூக்கி எறியப்பட்ட அம்பேத்கரின் கால் எலும்பு முறிந்தது. அந்தத் தோழருக்கு ஓட்டத் தெரியாதது அவர் குற்றமா? கற்றுக்கொள்ள யார் வண்டி கொடுத்தார்கள்? பாரிஸ்டர் பட்டம் வாங்கியவரையும் அந்த இடத்தில் கீழே தள்ளியது சாதிதான்.

பழைய கதை என்று சொல்ல முடியாது. நம் மாவட்டத்துத் தென்முடியனூரில், தடுக்கப்பட்டிருந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30 அன்றுதான், அதுவும் கலெக்டரும் போலீசும் கூட நிற்க, நுழைய முடிந்தது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்றது குடும்பம். வெட்டுப்பட்டவை கிளட்சையும் பிரேக்கையும் பிடிக்கிற கைகள் தோழர்களே.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. நாலு பேருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறோம், சொல்லத்தான் வேண்டும். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் இரவுப் பள்ளியில் இப்போது ஞாயிறு சாயங்காலம் தம்பி ஒரு பழைய எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்கிறான். ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பிள்ளைகள். பத்தாம் நம்பர் ஸ்பேனர், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு கட்டிங் பிளேயர் இருந்தால் கேபிள் வேலைக்குப் போதும். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஆரம்பியுங்கள். ஒரு கேபிளை எப்போதும் சீட்டுக்கு அடியில் சுருட்டி வையுங்கள்.