ஐந்தா? ஏழா?

வெள்ளிக்கிழமை இரவு மணி பத்து இருக்கும். நான் வரவேற்பறையில் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தேன். நான் ஒரு நிரலாளர். எங்கள் குழு உருவாக்கிய மென்பொருள் ஒன்றில் ஒரு பிழை. திங்கட்கிழமைக்குள் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

“அப்பா, என் நிரலைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா?”

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் பள்ளிக் கணினி மன்றத்தின் உறுப்பினர். மன்றம் நடத்தும் கண்காட்சிக்காக ஒரு சொல் விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தாள். நாம் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அது ஒன்றாகவே இருந்தால், கணினி ‘ஆம்’ என்று கூறும். இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று கூறும். ஆங்கிலச் சொற்களுக்கு விடை சரியாகவே வந்தது. ஆனால் தமிழில் ‘விகடகவி’ என்று தட்டியபோது, ‘இல்லை’ என்று வந்தது.

“நாளைக்குப் பார்ப்போம், அம்மா” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே.

சனிக்கிழமையும் போயிற்று. இரவு உணவின்போது அவளே பேச்சைத் தொடங்கினாள்.

“பரவாயில்லை அப்பா. ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன். தமிழ் கணினிக்கு ஒத்துவராது போலிருக்கிறது.”

அவள் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. தமிழ்ச் சொற்களைச் சேர்க்கும்படி அவளை யாரும் கேட்கவில்லை. அது அவளுக்கே தோன்றிய எண்ணம். முகம் தெரியாத ஒரு வாடிக்கையாளருக்குத் தவறான விடை வந்தால், நான் நள்ளிரவுவரை விழித்திருக்கிறேன். என் மகளுக்கு வந்த தவறான விடையையோ, நாளை நாளை என்று தள்ளிப்போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு தேக்காவுக்குப் புறப்பட்டேன். மடிக்கணினி வீட்டிலேயே இருந்தது. செங்காங்கிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் நேராக லிட்டில் இந்தியா நிலையத்துக்குச் சென்றுவிடலாம். ரயிலில் இடம் கிடைத்து அமர்ந்ததும், “பாட்டி, விகடகவி என்ற சொல்லை உங்களுக்குத் தெரியுமா?” என்று மகள் கேட்டாள்.

“தெரியாமல் என்ன? தெனாலிராமனுக்குக் காளி கொடுத்த பட்டம் அல்லவா!” என்ற அம்மா, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். “வி, க, ட, க, வி. ஐந்து எழுத்து. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் விகடகவிதான். ‘தேரு வருதே’, ‘மாடு ஓடுமா’ என்றும் சொல்லிப் பார். அவையும் அப்படித்தான்.”

“ஆனால் பாட்டி, கணினி இதை ஏழு எழுத்து என்று சொல்கிறது.”

“ஏழா? உன் கணினி எந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தது?”

எதிரே அமர்ந்திருந்தவரும் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மா கேட்டது சரியான கேள்வி.

பஃபலோ சாலையில் காய்கறி வாங்கினோம். அம்மாவுக்கு மல்லிகைச் சரமும் வாங்கினோம். பிறகு தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் தோசைக்காகக் காத்திருந்தோம். அப்போது காய்கறிக் கடை ரசீதைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் ‘தேக்கா’ என்று எழுதினேன்.

“இதில் எத்தனை எழுத்து?”

“தே, க், கா. மூன்று.”

“கணினி ஆறு என்று சொல்லும். எப்படி என்று பார்.”

தமிழில் 247 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் 216 உயிர்மெய் எழுத்துகள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் முறைக்கு ஒருங்குறி என்று பெயர். அது இந்த 216 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கவில்லை. ‘க’, ‘த’ போன்றவற்றுக்கு ஓர் எண். துணைக்கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்கு வேறு எண். ஆகவே, ‘தே’ என்பது கணினிக்குத் ‘த’வும் இரட்டைக்கொம்பும்; ‘க்’ என்பது ‘க’வும் புள்ளியும்; ‘கா’ என்பது ‘க’வும் துணைக்காலும். மூன்று எழுத்துகள் ஆறாகிவிடுகின்றன. திரையில் அவை சேர்ந்து தெரிவதால் நமக்கு அந்தப் பிரிவு தெரிவதில்லை.

மகள் பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். விகடகவியைத் தானே பிரித்து எழுதினாள். பிறகு அதைக் கடைசியிலிருந்து திருப்பி எழுதிப் பார்த்தாள்.

“முதலிலேயே குறி வந்து நிற்கிறது! பின்னால் வர வேண்டியது முன்னால் வந்துவிட்டது. அதனால்தான் ‘இல்லை’ என்கிறதா?”

“ஆமாம். இனி என்ன செய்யலாம்?”

விடை எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்லவில்லை. தோசை வந்தது, ஆறியும் போனது. கடைசியில் அவளே சொன்னாள்: “குறியைத் தனியாக விடக்கூடாது. அதற்கு முன்னால் உள்ள எழுத்தோடு சேர்த்துவிட வேண்டும். சின்னப் பிள்ளை சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்வோமே, அதுபோல. எல்லாவற்றையும் சேர்த்த பிறகுதான் திருப்ப வேண்டும்.”

“கெட்டிக்காரி! முதலில் சாப்பிடு” என்றார் அம்மா.

சாப்பிட்டபடியே மகள் இன்னொரு கேள்வி கேட்டாள். “அப்பா, கணினிக்கு முதலில் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார்?”

“பல நாடுகளில் பலர் முயன்றார்கள். அவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர்” என்று தொடங்கினேன். அவர்தான் நா. கோவிந்தசாமி. சிங்கப்பூர் எழுத்தாளர், 1994ஆம் ஆண்டின் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றவர். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். தமிழை இணையத்தில் ஏற்றுவதற்காக எழுத்துருக்களையும் விசைப்பலகையையும் உருவாக்க உழைத்தவர். சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத்தளம் 1995ஆம் ஆண்டு நான்கு மொழிகளிலும் வெளிவந்தது. அதில் தமிழும் இடம்பெற அவரது உழைப்பு உதவியது. 1997ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு இங்கே சிங்கப்பூரில் நடைபெறவும் அவர் முன்னின்றார். 1999ஆம் ஆண்டு அவர் காலமானார்.

“அப்படியானால், ஒத்துவராது என்று அவர் விட்டுவிடவில்லை” என்றாள் மகள். நேற்றுத் தான் சொன்ன சொல் அவளுக்கு நினைவிருந்தது.

அன்று மாலை அவள் நிரலைத் திருத்தினாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன். ‘விகடகவி’ என்று தட்டினாள். ‘ஆம்’ என்று வந்தது! ‘மாடு ஓடுமா’ என்பதற்கு ‘இல்லை’ என்று வந்ததும், சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை நீக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். ‘பாப்பா’ என்பதற்கும் ‘இல்லை’ என்றே வந்தது. சற்று நேரம் யோசித்தவள், தலையில் தட்டிக்கொண்டாள். குறிகளின் பட்டியலில் புள்ளியைச் சேர்க்க மறந்திருந்தாள். அதையும் சேர்த்ததும் எல்லாம் சரியாயிற்று.

பிறகு வீட்டிலுள்ள எல்லாரையும் சோதித்தாள். ‘அப்பா’: இல்லை. ‘அம்மா’: இல்லை. ‘பாட்டி’: இல்லை. ‘தாத்தா’: ஆம்!

“அவரை மட்டும் ஆம் என்கிறதா? உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்திருப்பார்” என்று அம்மா தாத்தாவின் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

நான் பல ஆண்டுகளாக நிரல் எழுதி வருகிறேன். கணினி தானாக எதையும் அறிந்துகொள்வதில்லை. சொல்லிக்கொடுத்ததை மட்டுமே செய்யும் என்பதை அலுவலகத்தில் தினமும் காண்கிறேன். தமிழைப் பற்றி என் மகளுக்கு வந்த ஐயமும் அப்படிப்பட்டதுதான். அவள் கேட்ட நேரத்தில் நான் அருகில் அமர்ந்து சொல்லியிருந்தால், அந்த ஐயம் வந்தே இருக்காது. அன்று திருத்த வேண்டிய பிழைகள் இரண்டு. ஒன்று அவளுடைய நிரலில் இருந்தது. அதை அவளே திருத்திவிட்டாள். மற்றொன்று ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்ற என் பதிலில் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவும் எனக்கு அலுவலக வேலை இருந்தது. மகள் வந்து நின்றாள்.

“அப்பா, ‘ஸ்ரீ’ என்பது ஓர் எழுத்தா, இரண்டு எழுத்தா?”

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. மடிக்கணினியை மூடினேன்.

“வா, பாட்டி தூங்கிவிட்டாரா என்று பார்ப்போம்” என்று எழுந்தேன்.