வாசல் எந்தப் பக்கமோ, நகராட்சி அந்தப் பக்கம்! - ஒரே ஊரை இரண்டு நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் கதை

'உங்கள் வீடு எந்த நகராட்சியில் வருகிறது?' என்று கேட்டால், சொத்து வரி ரசீதை எடுத்துக் காட்டுவோம். பார்லே என்ற ஊரில் அவ்வளவு சிரமம் வேண்டாம். வாசல் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே போதும். வீடு எந்த நகராட்சி என்பது மட்டுமல்ல, எந்த நாடு என்பதே தெரிந்துவிடும்.

நெதர்லாந்தின் தெற்கில், பெல்ஜியம் எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது பார்லே. நடந்து பார்த்தால் ஒரே ஊர்தான். ஆனால், இரண்டு நகராட்சிகள் இதை நிர்வகிக்கின்றன. நெதர்லாந்துக்குச் சொந்தமான பார்லே-நசாவில் சுமார் 7,000 பேர் வசிக்கிறார்கள். பெல்ஜியத்துக்குச் சொந்தமான பார்லே-ஹெர்டோக்கில் சுமார் 3,000 பேர். இரண்டு மேயர்கள், இரண்டு நகராட்சி அலுவலகங்கள், இரண்டு விதமான சட்டங்கள்.

நடுவில் ஒரு நேர்கோடு போட்டுப் பிரித்திருந்தால் பிரச்னையே இல்லை. இங்கே பெல்ஜியத்தின் நிலம் 22 துண்டுகளாக நெதர்லாந்துக்குள் சிதறிக் கிடக்கிறது. அந்தத் துண்டுகளுக்குள் மறுபடியும் நெதர்லாந்தின் 7 துண்டுகள்! எல்லைக்கோடு வீடுகளையும் கடைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. எது எந்த நாடு என்று தெரிவதற்காக நடைபாதையில் வெள்ளைக் குறிகளைப் பதித்திருக்கிறார்கள். வீட்டு எண் பலகையில் நாட்டுக் கொடியும் இருக்கும். கோடு சரியாக வாசல் வழியே போகும் ஒரு வீட்டுக்கு இரண்டு நாட்டு எண்களும் உண்டு.

இந்தக் குழப்பத்துக்கு வயது 800 ஆண்டுகளுக்கும் மேல். 1198-ல் பிரபான்ட் பிரபுவும் பிரெடா பகுதியின் தலைவரும் இங்கிருந்த நிலங்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் பெல்ஜியமும் நெதர்லாந்தும் தனித்தனி நாடுகளான பிறகும் அந்தப் பழைய பாகப்பிரிவினை அப்படியே நின்றுவிட்டது. 1843-ல் எல்லை வகுக்க வந்தவர்களால் இந்த இடத்தில் மட்டும் கோடு கிழிக்க முடியவில்லை. 5,732 மனைகளை ஒவ்வொன்றாக எழுதி, எது யாருக்கு என்று பட்டியல் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லை முழுமையாக முடிவானது 1995-ல்தான்.

சரி, இப்படி ஒரு ஊரில் சாலையில் பள்ளம் விழுந்தால் யார் மூடுவது?

இதுதான் பார்லேயின் உண்மையான கதை. ஒரே தெரு சில நூறு அடிக்குள் இரண்டு மூன்று முறை நாடு மாறும். தன் நாட்டுத் துண்டை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கினால், சாலை ஒட்டுப்போட்ட துணிபோல ஆகிவிடும். பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய மூன்று நாடுகளும் 1986-ல் ஓர் ஒப்பந்தம் செய்தன. எல்லையின் இரு பக்கமும் இருக்கும் உள்ளாட்சிகள் சேர்ந்து வேலை செய்ய அது வழிவிட்டது. அதன் அடிப்படையில் 1998-ல் இரு பார்லேக்களும் ஒரு கூட்டு மன்றத்தை அமைத்தன. சாலை போன்ற பொது வேலைகள் அங்கே பேசப்படுகின்றன.

ஊருக்கு ஒரே நூலகம். அதை இரண்டு நகராட்சிகளும் சேர்ந்து நடத்துகின்றன. புத்தகம் எடுக்க வரும் குழந்தையிடம் யாரும் எந்த நாடு என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை. இரு நாட்டுப் போலீஸாரும் ஒரே அலுவலகத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால், ஒவ்வொருவரும் தங்கள் நாட்டுச் சட்டத்தைத்தான் கையில் எடுக்க முடியும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வேலையைப் பங்கிட்டார்கள், அதிகாரத்தை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. கூட்டு மன்றத்தில் ஒரு யோசனையை எல்லோரும் ஏற்றுக்கொண்டாலும், அதை நிறைவேற்ற வேண்டியவை அந்தந்த நகராட்சிகளே. செலவுக்கும் அந்தந்த ஊர் மக்களிடம்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஒரே கையெழுத்தில் முடிய வேண்டியதற்கு இங்கே இரண்டு கையெழுத்து வேண்டும்.

பங்கிட முடியாத விஷயங்களும் உண்டு. நெதர்லாந்தில் 2014 முதல் 18 வயது ஆகாதவர்களுக்கு பீர் விற்கக் கூடாது. பெல்ஜியத்தில் 16 வயதே போதும். ஒரே ஊரில் வளரும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி! இரு நகராட்சிகளும் எத்தனை முறை உட்கார்ந்து பேசினாலும் இதை மாற்ற முடியாது. அந்த அதிகாரம் தலைநகரங்களில் இருக்கிறது.

கொரோனா காலத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. 2020 மார்ச்சில் பெல்ஜியம் அத்தியாவசியமில்லாத கடைகளை மூடச் சொன்னது. நெதர்லாந்து அப்போது அப்படிச் சொல்லவில்லை. பார்லேயில் எல்லைக்கோட்டின் மேல் இருந்த ஒரு துணிக்கடையில் பெல்ஜியம் பக்கத்து அலமாரிகளை மட்டும் நாடா கட்டி மறைத்து, மறுபாதியில் வியாபாரம் நடந்தது. படத்தைப் பார்த்து உலகமே சிரித்தது. ஆனால், கடைக்காரருக்கும் மேயர்களுக்கும் அது சிரிப்பு இல்லை. எந்த விதியை யாருக்குச் சொல்வது என்று தெருத் தெருவாகப் பார்க்க வேண்டியிருந்தது.

'எதற்கு இவ்வளவு பாடு? இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட வேண்டியதுதானே?' என்று தோன்றும். இரண்டு நாடுகள் என்பதால் அது சுலபமில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. இணைப்பு என்றாலே சின்ன ஊருக்குத்தான் பயம். 3,000 பேர் 7,000 பேரோடு சேர்ந்தால், ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் யார் கை ஓங்கும் என்று சொல்லத் தேவையில்லை. சேவையை மட்டும் பங்கிட்டால், சின்ன ஊருக்கும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை மிஞ்சுகிறது.

ஒரே நாட்டுக்குள் இருக்கும் ஊர்களுக்கும் இது பொருந்தும். பார்லே-நசாவ் தன் நாட்டு அண்டை ஊர்களான ஆல்ஃபென்-காம், கில்சே-ரைன் நகராட்சிகளோடு சேர்ந்து 2016-ல் ஒரே அலுவலர் அமைப்பை உருவாக்கியது. ஊழியர்கள் பொதுவாக இருந்தார்கள். ஆனால், மூன்று ஊர் மன்றங்களும் தனித்தனியே தொடர்ந்தன. ஒரு சின்ன நகராட்சியால் எல்லாத் துறைக்கும் தேர்ந்த ஆளைத் தனியாக வேலைக்கு வைக்க முடியாது. மூன்று பேர் சேர்ந்தால் முடியும்.

பங்கிட்டுக்கொள்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 'அது அவர்கள் வேலை' என்று இரு பக்கமும் கை காட்டிவிட்டால், நடுவில் நிற்பவர் குடிமக்கள்தான். நூலகம் யாருடையது, சாலைக்கு யார் பொறுப்பு என்று ஊருக்குத் தெரிந்திருக்கும் வரை இரண்டு அலுவலகம் இருப்பதில் தவறில்லை. அது தெரியாமல் போனால், ஒரே அலுவலகம் இருந்தும் பயனில்லை.

பார்லேயில் இன்றும் கோடு அப்படியே இருக்கிறது. யாரும் அழிக்கச் சொல்லவில்லை. அதைத் தாண்டித்தான் மக்கள் தினமும் கடைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் புத்தகம் எடுக்கப் போகிறார்கள். இரு மேயர்களும் அடுத்த கூட்டத்துக்குப் போகிறார்கள்.