சிவப்பு ஆயில்

கொற்கையிலிருந்து முக்காணி, பழையகாயல் வழியாகத் தூத்துக்குடிக்கு வந்தால் வழியில் உப்பளங்கள். பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கையை விட்டுக் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. உப்புக்காற்று மட்டும் போகவில்லை. அந்தக் காற்றில் இருபது வருடம் உழைத்த அப்பாவின் ஆட்டோமேட்டிக் ஹூண்டாய் காரை எட்டயபுரம் சாலைப் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போதெல்லாம் ஜெர்க் அடித்தது. ஆறு மாதம் முன்பு வேறோர் இடத்தில் கியர் பாக்ஸ் ஆயில் மாற்றியிருந்தோம்.

பட்டறை அண்ணாச்சி இன்ஜினை ஓடவிட்டார். லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்தி நியூட்ரலில் நிறுத்தி, ஆயில் ஸ்டிக்கை உருவினார். நுனிச் சொட்டை வெள்ளைத் தாளில் வைத்தார். மோந்து பார்த்தார்.

"கருகல் வாடை இல்ல. பிளேட்டு தப்பிச்சிட்டு. என்ன ஆயில் ஊத்துனாவன்னு பில்லு இருக்கா சார்?"

பில்லில் டெக்ஸ்ரான்-3. கார் புத்தகத்தில் எஸ்.பி.-3. இரண்டும் சிவப்புதான். ஹூண்டாயின் அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் பெட்டிகள் பலவும் மிட்சுபிஷி வழி வந்தவை. ஆயிலும் அந்த வழியில்தான்.

"நெறத்தப் பாத்து ஊத்துனா இப்படித்தான். ஒழுகுனா இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலான்னு தெரியதுக்குப் போட்ட சாயம்லா அது!"

இந்த ஆயிலின் வேலை விசித்திரமானது. பல்சக்கரத்தை வழுக்கவிட வேண்டும். அதே பெட்டிக்குள் கிளட்ச் பிளேட்டை வழுக்காமல் பிடிக்கவும் விட வேண்டும். எவ்வளவு மெதுவாகப் பிடிக்க வேண்டும் என்பது பெட்டிக்குப் பெட்டி வேறு. ஃபோர்டின் பழைய டைப்-எஃப் சட்டென்று பிடிக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் நிதானமாகப் பிடிக்கும். அந்த நிதானத்துக்காக ஒரு காலத்தில் சேர்த்தது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். நம் கரையில் அம்பர் கடத்தல் என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அந்த அம்பரைத் தரும் திமிங்கலம்தான். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டங்கள் அதைத் தடுத்த பிறகே மாற்றுச் சரக்குத் தேடினார்கள். ஒரு கியர் மாற்றத்துக்குப் பின்னால் ஓர் உயிரினமே இருந்திருக்கிறது என்பதை அன்றுதான் யோசித்தேன்.

பக்கத்தில் இரண்டு ஹோண்டா சிட்டி. 1999 வண்டிக்கு இன்ஜினை அணைத்த சிறிது நேரத்துக்குள் ஸ்டிக் பார்க்க வேண்டும். அதற்குரிய இசட்-1 ஆயிலுக்குப் பதிலாக இப்போது டி.டபிள்யூ.-1 வருகிறது. 2004 வண்டி சி.வி.டி., பெல்ட்டில் ஓடும் பெட்டி; அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை (ஏ.டி.எஃப்.) ஊற்றினால் உள்ளே இரும்பு பெல்ட் வழுக்கியே பெட்டி போய்விடும். மூலையில் நின்ற இன்னொரு காரின் ஸ்டிக்கைக் காட்டினார்: அசல் ரோஸ்மில்க். ரேடியேட்டருக்குள் ஓடும் ஆயில் குழாயை அரிப்புத் தின்று தண்ணீர் கலந்துவிட்டது. கடற்கரைக்காரர்கள் ஆயிலுக்கு முன்னால் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் சரியென்றே படுகிறது.

எங்கள் வண்டியில் டிரெயின் போல்ட்டைக் கழற்றினார். காந்தத்தில் சாம்பல் நிற மை போல ஒட்டியிருந்தது; விரலால் வழித்துக் காட்டினார். தூளாக இருந்தால் தேய்மானம், சில்லாக இருந்தால் ஆபத்து. எங்களுடையது தூள். வடிந்ததைக் கோடு போட்ட கேனில் அளந்து, அதே அளவு புது எஸ்.பி.-3 ஊற்றினார். ஒரு தடவையில் முழுவதும் மாறாது, மிச்சம் டார்க் கன்வெர்டரில் நிற்கும். அதனால் துறைமுகம் வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். இப்படி மூன்று தடவை. சாயங்காலம் முத்தையாபுரம் தாண்டும்போது மூன்றாம் கியர் விழுந்ததே தெரியவில்லை.

பில்லை நீட்டுமுன் பானெட்டின் உட்புறத்தில் மார்க்கரால் ஆயில் பெயரையும் தேதியையும் எழுதினார். பழைய ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இன்றே புத்தகத்தைத் தேடி எடுத்து, அதிலுள்ள ஆயில் பெயரை அப்படி எழுதி வையுங்கள். அடுத்த பட்டறைக்காரர் கண்ணில் அதுதான் முதலில் படும்.