பினாங்கில் ஒரு சப்பாத்துக் கதை

பினாங்குக்குப் போனால் தண்ணீர்மலையையும் கடற்கரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை ஜார்ஜ்டவுனில் லெபோ முன்ட்ரி பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் மகளோடு போனேன். பஸ்ஸிலேயே மனத்தாங்கல். முதல் சம்பளத்தில் குதிகால் உயர்ந்த சப்பாத்து வாங்க வேண்டுமாம். “பால்மரக் காட்டில் நடந்தே தேய்ந்தவள் உன் பாட்டி. உனக்கு இது தேவையா?” என்று கடிந்துகொண்டேன்.

அந்தத் தெருவில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரம் ஒன்று உண்டு. ஜிம்மி சூ தொழில் பழகிய இடம் அது என்று சொல்கிறது. சப்பாத்துத் தைப்பவரின் மகன். 11 வயதில் முதல் ஜோடியைச் செய்தவர். லண்டனில் படித்து, அங்கேயே பட்டறை வைத்தார். இளவரசி டயானாவும் அவரிடம் சப்பாத்துச் செய்துகொண்டார். 1996-இல் அவர் பெயரில் நிறுவனம் எழுந்தது; 2001-இல் தம் பங்கை விற்றுவிட்டார். இன்று ஒரு ஜோடி ஆயிரக்கணக்கான வெள்ளி. பெயர்தான் அவருடையது.

“அந்த விலைக்கு நான் ஆசைப்படலம்மா,” என்றாள் மகள். “பாட்டி தீபாவளிக்கு மட்டும் போடுவாங்களே, சிவப்புச் சப்பாத்து, அது மாதிரி போதும்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

கடைத்தெருவில் 60 வெள்ளிக்கு வாங்கினோம். நீங்களும் வாங்கினால் மாலையில் போட்டுப் பாருங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும்போதுதான் சரியான அளவு தெரியும். பிள்ளையின் ஆசையைக் கடியுமுன், யாரிடமிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.