முதலில் காது பழகட்டும்

ஜூன் 12

ஒன்றாம் வகுப்பில் பெரும்பாலும் அங்கன்வாடியிலிருந்து வந்த பிள்ளைகள். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லை. ஆனாலும் பஸ், பென்சில், பல்பு, டீ, சைக்கிள் எல்லாம் அவர்கள் நாக்கில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே முதல் பாடம் அங்கிருந்துதான். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். வகுப்பே கத்தியது.

ஜூன் 19

'ஸ்டாண்ட் அப்', 'சிட் டவுன்', 'டச் யுவர் நோஸ்'. நான் சொல்லிக்கொண்டே செய்கிறேன், அவர்களும் செய்கிறார்கள். திருப்பிச் சொல்லும்படி யாரையும் கேட்பதில்லை. உடல் அசைவோடு மொழியைப் பழக்கும் இந்த முறையை 1960களில் வகுத்தவர் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர். காசு செலவில்லை, ஸ்மார்ட் போர்டும் வேண்டாம். தாய்மொழியைக்கூடக் குழந்தை மாதக்கணக்கில் கேட்ட பிறகுதானே பேசுகிறது? ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் அந்த அவகாசத்தை மறுக்க வேண்டும்?

ஜூன் 27

"டீச்சர், பக்கத்து வீட்டுப் பையன் இசட் வரைக்கும் எழுதறான். நம்ம புள்ளைக்கு இன்னும் ஏபிசிடியே ஆரம்பிக்கலையே?" கூலி வேலைக்குப் போகும் ஓர் அம்மா கேட்டார். அந்தக் கவலை நியாயமானது. உட்காரவைத்துப் பேசினேன். தமிழில் 'க' என்று படித்தால் அதுவே ஒலி. ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. 'டபிள்யூ' என்ற பெயரில் அதன் ஒலியே கிடையாது. எழுத்து 26, ஒலிகள் ஏறக்குறைய 44. ஒலி காதில் ஏறாத பிள்ளை இசட் வரை எழுதினாலும் அது படம் வரைந்ததுதான். "சரிங்க டீச்சர், பாக்கலாம்" என்று போனார். முழுசாக நம்பவில்லை.

ஜூலை 10

எழுத்து தொடங்கியாயிற்று. அகர வரிசையில் அல்ல. எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n). இந்த ஆறிலேயே 'சிட்', 'டின்', 'பின்' என்று படித்துவிடலாம். குண்டூசிக்கும் (pin) குப்பைத்தொட்டிக்கும் (bin) ஆங்கிலத்தில் உள்ள ஒலி வேறுபாடுதான் நம் பிள்ளைகளுக்குச் சிக்கல். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'பி'. உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடிக்கச் சொன்னேன். குண்டூசிக்குக் கையில் காற்று படும், தொட்டிக்குப் படாது. ஒருவர் கையில் ஒருவர் ஊதி ஒரே கொண்டாட்டம். 'பஸ்ஸு', 'புக்கு' என்று இழுப்பவர்களை நான் திருத்துவதில்லை. கேட்கக் கேட்க அது தானே உதிரும்.

ஜூலை 24

இதுவரை வாயே திறக்காத சிறுமி, இடைவேளையில் வேப்பமரத்தடியில் நாலு பேரை நிற்கவைத்து "சிட் டவுன்! ஸ்டாண்ட் அப்!" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாளவில்லை மகிழ்ச்சி. இந்த வழிக்குத் துணையாக, 2022இல் வந்த தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலை பார்த்து, பாட்டும் கதையும் செயலுமாகக் கற்பிக்கச் சொல்கிறது. ஆங்கிலத்துக்கு அது மிகவும் பொருந்தும்.

பெற்றோரிடமும் பார்வைக்கு வருபவர்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: முதல் பருவத்தில் ஆங்கில நோட்டைப் புரட்டாதீர்கள். கதவை மூடும்படி பிள்ளையிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். எழுந்துபோய் மூடுகிறதா என்று பாருங்கள்.