குரலை உயர்த்தும் முன்

மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதை வயர் இல்லாமல் கீழே மோட்டார் ரூமுக்குச் சொல்லும் கருவி செய்யப் பிள்ளைகள் ஆசையோடு வருகிறார்கள். பார்க்க நெஞ்சு நிறைகிறது. ரேடியோவுக்கு நார்வே நாட்டு நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்24எல்01 பிளஸ், மூளையாக ஆர்டுயினோ ஊனோ. கொஞ்ச நாள் ஓடும்; பிறகு செய்தி விட்டுவிட்டு வரும். "பக்கத்து வீட்டு வைஃபைதான் தாத்தா" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்.

வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் குடியிருக்கின்றன. ஆனாலும் அயலாரைக் குறை சொல்லும் முன் நம் பலகையைப் பார்க்க வேண்டும். இந்த ரேடியோ சிப்புக்கு 3.6 வோல்ட்டுக்கு மேல் சப்ளை கொடுக்கக் கூடாது. சிக்னல் கால்கள் 5 வோல்ட்டைத் தாங்கும். சப்ளை கால் தாங்காது. ஊனோவின் 3.3 வோல்ட் பின் தருவதோ 50 மில்லிஆம்பியர்தான். இந்தச் சிப்பைப் பொருத்திய சிறிய மாடியூலுக்கு அது போதும். நீண்ட ஆன்டெனாவும் பவர் ஆம்ப்ளிஃபயரும் உள்ள மாடியூல், அனுப்பும்போது 100 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரிந்து செய்தி சிதையும். அதற்குத் தனி ரெகுலேட்டர் வையுங்கள். மாடியூலின் சப்ளை, கிரவுண்டு கால்களை ஒட்டியே 10 முதல் 100 மைக்ரோஃபாரட் வரையுள்ள கெப்பாசிட்டர் ஒன்றைச் சாலிடர் செய்யுங்கள். ஊனோவையும் மாடியூலையும் இணைக்கும் எஸ்பிஐ வயர்கள் குட்டையாக இருக்கட்டும், மோட்டார் வயர்களோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். பெரும்பாலான புகார்கள் இத்தோடு முடிந்துவிடும்.

அப்படியும் தொல்லை நீடித்தால் எல்லாரும் பவரைக் கூட்டுகிறார்கள். நான் வேகத்தைக் குறைக்கச் சொல்வேன். நொடிக்கு 2 மெகாபிட்டுக்குப் பதில் 250 கிலோபிட்டில் அனுப்பினால், ஏறக்குறைய 16 மடங்கு மெலிந்த சிக்னலையும் எதிர்முனை பிடித்துக்கொள்ளும். தொட்டி நிரம்பியதைச் சொல்ல அதைவிட வேகம் எதற்கு?

அடுத்து சானல். 0 என்றால் 2400 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒன்று கூடும். வழக்கமான வைஃபை சானல்களில் கடைசியான 11, ஏறத்தாழ 2473-இல் முடிகிறது. ஆகவே 76 முதல் 82 வரை முயலலாம். நூறைத் தாண்டினால் அமைதிதான், சிப்பும் அதுவரை போகும். ஆனால் இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டிருக்கும் அலைவரிசை 2483.5-இல் முடிகிறது. "யாருக்குத் தெரியப்போகிறது?" என்று பிள்ளைகள் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஆளில்லாத நிலம் என்பதால் அது நம் நிலம் ஆகிவிடாது. எல்லாருக்கும் பொதுவாகத் திறந்துவிட்ட இடத்துக்குள் நெருக்கியடித்து வாழக் கற்பதும் இந்த வேலையின் பகுதி.

இரண்டு தொட்டிகள் இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். பதில் வராதபோது சிப் தானாகவே 15 முறை வரை திரும்ப அனுப்பும். இரண்டும் ஒரே இடைவெளியில் காத்திருந்து அனுப்பினால் மறுபடியும் மோதிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடைவெளி கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சில செய்திகள் தொலையத்தான் செய்யும். தொட்டியிலிருந்து ஒரு நிமிடம் எந்தச் சேதியும் வராவிட்டால் மோட்டார் நின்றுவிடும்படி முதலிலேயே புரோகிராம் எழுதிவிடுங்கள்.