பைக்குல்லா நினைவுச் சின்னம்

சென்ற ஞாயிறன்று மாதுங்காவில் ரயிலேறிப் பைக்குல்லாவில் இறங்கினோம். மும்பைத் தீயணைப்புப் படையின் தலைமை நிலையம் இங்கேதான் உள்ளது. 1944 ஏப்ரல் 14 அன்று கடமையில் மாண்ட 66 வீரர்களின் நினைவுச் சின்னத்தின் முன் தலைவணங்கி நின்றோம்.

விக்டோரியா கப்பல்துறையில் நின்ற ‘போர்ட் ஸ்டிகின்’ கப்பலில் பஞ்சுப் பொதிகளும், சுமார் 1,400 டன் வெடிபொருள்களும், தங்கக் கட்டிகளும் ஒருங்கே இருந்தன. பஞ்சிலே பற்றிய தீயை அணைக்க வீரர்கள் போராடிக்கொண்டிருக்கையில், மாலை 4 மணிக்குச் சற்றுப் பின் கப்பல் வெடித்துச் சிதறியது.

நகரமே அதிர்ந்தும், போர்க்காலத் தணிக்கையால் மே மாதம் இரண்டாம் வாரம் வரை பத்திரிகையாளர் இச்செய்தியை வெளியே அனுப்ப இயலவில்லை. பணிக்குப் போனவர் திரும்பாத துயரை, நாடு அறியாமலே, வீரர்களின் வீட்டார் சுமந்தனர். சிதறிய தங்கமோ பல ஆண்டுகள் கழித்தும் துறைமுகச் சேற்றிலிருந்து கிடைத்து வந்தது. அவ்வீட்டார் இழந்த செல்வத்தை எந்தச் சேற்றிலே தேடுவது?

ஏப்ரல் 14 இன்று தேசியத் தீயணைப்புச் சேவை நாளாகப் போற்றப்படுகிறது. நம் சித்திரைப் புத்தாண்டும் பெரும்பாலும் அந்நாளிலேயே பிறக்கிறது. நமக்கு வாழ்வளித்த இந்நகரைக் காக்கப் போய் மீளாதவர்களையும், வாசலையே பார்த்திருந்த அவர்தம் குடும்பத்தாரையும், விருந்துக்கு இலை போடுமுன் ஒரு கணம் நினைப்போமாக.